முப்பத்திரண்டு டிகிரியில் ஓர் ஆவி

இதனால் அறிவியல் உலகின் சகல ஜனங்களுக்கும், இனி பிறக்கப்போகும் தலைமுறைகளுக்கும், முக்கியமாக நிதி ஒதுக்கும் அமைச்சகத்துக்கும் அறிவிப்பது யாதெனில்: எங்கள் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் வெப்ப அறையில் ஓர் ஆவி இருக்கிறது.

இது வதந்தி அல்ல. படித்தவர்கள் மட்டுமே உள்ள ஒரு குழு பலமுறை கூடி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் வீதம் தின்று, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றிய தீர்மானம். தீர்மானத்தில் ஆவி என்ற சொல் கிடையாது. 'விளக்கம் காணப்படாத உயிரியல் தொடர்ச்சி' என்று இருந்தது. ஆனால் அது நிறைவேறிய நாளிலிருந்து குழு உறுப்பினர் அத்தனை பேரும் வெப்ப அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டினார்கள். ஆளில்லாத அறையின் கதவை. தட்டிவிட்டு, சற்று நேரம் காத்திருந்தார்கள் வேறு.

எண்ணெய் விலை ஏறியிருந்த குளிர்காலம் அது. ஹாலந்து முழுக்க அரசு அலுவலகங்களில் சூடேற்றியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. நாங்கள் சாப்பிடும் அறையில் மூச்சு விட்டால் புகை தெரியும். கட்டடத்தில் உடம்புக்குக் கதகதப்பான ஒரே இடம் வெப்ப அறை. அங்கே வசிப்பவர்கள் மனிதர்கள் அல்ல, கட்டிகள்.

பயப்பட வேண்டாம், செடியின் கட்டிகள். புகையிலைத் தண்டில் ஒரு கீறல் விழுகிறது. மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா அதன் வழியே புகுந்து என்னவோ காதில் ஓதிவிட்டுப் போகிறது. கொஞ்ச நாளில் அங்கே ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பில் ஒரு துணுக்கை வெட்டி, பாக்டீரியாவை ஒழித்து, குடுவைக்குள் ஊட்டக் கூழின்மேல் வைத்தாலும் அது வளர்ந்துகொண்டே இருக்கும். ஒழுங்கான திசு என்றால் கைக்குழந்தை மாதிரி. நாம் ஹார்மோன் ஊட்டினால்தான் பெருகும். கட்டிக்கு நம் தயவு வேண்டாம். தனக்கு வேண்டியதைத் தானே காய்ச்சிக் குடித்துக்கொள்ளும். தாய்ச்செடி மக்கி மண்ணாகிக் கால்நூற்றாண்டு ஆனாலும் வளரும். மாதம் ஒருமுறை வெட்டிப் புதுக் குடுவைக்கு மாற்ற ஒரு ஆள் இருந்தால் போதும்.

இந்தத் திமிர் சூட்டில் அடங்கிவிடும் என்பதுதான் எங்கள் பேராசிரியர் ஓஸ்டர்பானின் வாழ்நாள் கண்டுபிடிப்பு. முப்பத்திரண்டு டிகிரியில் வைத்தால் கட்டி தன் சுயேச்சையை இழக்கும். ஹார்மோன் கொடுத்தால் பிழைக்கும், கொடுக்காவிட்டால் பழுப்பேறிச் சாகும். 'ஓஸ்டர்பான் எல்லை' என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர் ஓஸ்டர்பான்.

அவர் நடந்து வந்தால் அவருக்கு முன்னால் அவருடைய தொண்டைச் செருமல் வரும். 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'நம் துறை' என்பார். குளிக்கப் போகும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவார் என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது.

அவருக்கு நேரெதிர் அலைடா. அதே துறை, பக்கத்து மேசை, முப்பது வருடம். கட்டியைச் செடியிலிருந்து முதலில் வெட்டி எடுத்துக் குடுவையில் வாழவைத்தவர் அவர்தான். எல்லை ஓஸ்டர்பானுடையது, கட்டி அலைடாவுடையது. இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டு வருடம் முன்பு, நவம்பரில், அலைடா செத்துப்போனார். வயிற்றில் கட்டி. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது போர்வைக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார்:

"லுபர்ட், என்னோடது எந்த டிகிரியிலயும் வளருதுப்பா. அந்த மனுஷன்கிட்ட சொல்லு, இதுக்கும் ஒரு எல்லை எழுதட்டும்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பார்.

அலைடாவின் மழைக்கோட் மட்டும் வெப்ப அறையில் தங்கிவிட்டது. கரும்பச்சை, மெழுகு பூசிய முரட்டுத் துணி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளம். அந்த அறையில் கோட் மாட்டுவது எங்கள் கூடத்தில் வழிவழியாக வரும் பழக்கம். போர் முடிந்து நிலக்கரி கிடைக்காத காலத்தில் தொடங்கியதாம். எல்லோரும் சைக்கிளில் வருகிறோம். வருடத்தில் பாதி நாள் நனைந்து வருகிறோம். வெந்நீரில் கை கழுவுகிற மாதிரி இயல்பாக, கோட்டை வெப்ப அறையில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவோம். மாலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். இது விதிமுறைக்கு விரோதம் என்று ஓஸ்டர்பான் கையெழுத்திட்ட அறிவிப்பு கதவில் ஒட்டியிருந்தது. அவருடைய கோட் முதல் கொக்கியில்.

சுவரில் வெந்நீர்க் குழாய்க்கு மேலே சூடான காற்றை ஊதும் துவாரம். அதற்கு எதிரே வரிசையாகக் கொக்கிகள். கடைசிக் கொக்கியில் அலைடாவின் கோட். அதன் பின்னால், கால்வாய்ப் பக்கச் சுவரை ஒட்டி, அவருடைய அலமாரித் தட்டு. தட்டில் அவருடைய குடுவைகள் ஒரு வரிசை. இறந்தவரின் கோட்டை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. முதலில் மரியாதை. பிறகு பயம். கொஞ்ச நாள் போனால் இரண்டும் ஒன்றுதான்.

ஏனென்றால் அந்தக் கோட் சும்மா தொங்கவில்லை. துவாரத்துக்குப் பின்னால் விசிறி ஓடும்போது அதன் ஒரு கை மெல்ல உயரும், வகுப்பில் கேள்வி கேட்கத் தூக்கும் கை மாதிரி. விசிறி நின்றதும் இறங்கும். மழை நாட்களில் அதன் ஓரம் ஈரமாக இருக்கும். பக்கத்துக் கோட்டிலிருந்து சொட்டியதுதான், எனக்குத் தெரியும். தெரிந்தும், காலையில் நான் முதல் ஆளாகக் கதவைத் திறந்து அந்த ஈரத்தைப் பார்த்தால் ஒரு கணம், ஓ, வந்துட்டாங்களா, என்றுதான் தோன்றும். பெப்பர்மின்ட் வாசனையும் உண்டு. அலைடா எப்போதும் ஒன்றை வாயில் அடக்கியிருப்பவர்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது குடுவைகள். அறையில் இருந்த மற்ற கட்டிகள் எல்லாம் பேராசிரியரின் எல்லைக்குக் கட்டுப்பட்டு, ஹார்மோன் இல்லாத கூழில் ஒழுங்காகச் செத்தன. அலைடாவின் வரிசை மட்டும் வளர்ந்தது. வெள்ளையாக, ஈரமாக, பூக்கோசு மாதிரி முண்டும் முடிச்சுமாக, முப்பத்திரண்டு டிகிரியில், யாரும் ஒரு சொட்டு ஹார்மோன் கொடுக்காமல்.

அவற்றை மாதாமாதம் மாற்றி வளர்த்தவள் ரென்ஸ்கே. ஃபிரீஸ்லாந்துக்காரி, முப்பது வயதுக்குள். அலைடாவிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அவர் போனபின் ஓஸ்டர்பானிடம் வந்து சேர்ந்தவள். அவளுடைய ஆய்வேடு, எந்தச் சூட்டில் கட்டி தன் சுயேச்சையை இழக்கிறது என்பது. பக்கத்துக்குப் பக்கம் முப்பத்திரண்டு. அதில் அலைடாவின் வரிசையையும் சேர்க்க வேண்டும் என்றாள். ஓஸ்டர்பான் குழு அமைத்தார்.

நான் குழுச் செயலாளர். அதனால் அங்கே பேசியது எனக்குத் தெரியும்.

"வெப்பமானி என்ன காட்டுது?" என்றார் ஓஸ்டர்பான்.

"முப்பத்திரண்டு," என்றேன். வெப்பமானி எதிர்ச் சுவரில், கண்ணுக்கு நேரே ஓர் ஆணியில் தொங்குகிறது.

"அப்போ அறை முப்பத்திரண்டு. இதுல பேச என்ன இருக்கு?"

"அந்த வரிசை வளருதே," என்றாள் ரென்ஸ்கே.

"அசுத்தமாயிருக்கும்."

"நாலு தடவை பார்த்துட்டேன் புரொபசர். சுத்தமா இருக்கு."

வேதியியல்காரன் கிரைன் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தம்மாவே வந்து ஹார்மோன் ஊட்டிட்டுப் போறாங்களோ என்னவோ."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓஸ்டர்பான் சன்னலைப் பார்த்தார். "உயிரோட இருந்தப்பவே நம் துறை சொன்னதை அவங்க கேட்டதில்ல," என்றார். சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். எங்கள் நாட்டில் ஒரு பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் இரண்டாவது பிஸ்கட் எடுத்தால் அவருக்குள் ஏதோ பெரிதாக இடிந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

தீர்மானம் நிறைவேறியது. விளக்கம் காணப்படாத உயிரியல் தொடர்ச்சி விளக்கம் காணும்வரை ஆய்வேட்டில் இடம்பெறலாகாது. பேராசிரியர் ஜூனில் ஓய்வுபெறுகிறார். அதற்குள் பட்டம் வாங்காவிட்டால் ரென்ஸ்கேக்கு மேற்பார்வையாளர் இல்லை, சம்பளம் இல்லை, ஐந்து வருடம் போனது போனதுதான். அவள் வரிசையை விட்டுவிட்டுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தாள். அன்று முதல் அவள் தூங்கவில்லை.

"அவங்களுக்குத் தெரியும் லுபர்ட்," என்றாள் ஒருநாள், காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மேசையில் நாங்கள் இருவர்தான்.

"எவங்களுக்கு?"

"சும்மா கேக்காதீங்க."

"செத்தவங்க ஆய்வேடு படிக்க மாட்டாங்க ரென்ஸ்கே. உயிரோட இருக்கறவங்களே படிக்கறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. "மத்த தட்டுல கைய விட்டா வேர்க்குது. அவங்க தட்டுல, கோட்டுக்குப் பின்னால, பக்கவாட்டுல கைய நுழைக்கிறேன்ல, அங்க மட்டும் சில்லுங்குது. மணிக்கட்டை யாரோ பிடிக்கிற மாதிரி. ஒவ்வொரு மாசமும். அச்சுக்குக் குடுத்த அப்புறம் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாங்க."

கிரைன் ஒருமுறை அங்கே கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவன் வெளுத்துப்போய் வந்தான். நானும் ஒருமுறை கை விட்டிருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் வந்து மனைவியிடம் சளி பிடித்திருக்கிறது என்றேன்.

ஆய்வேட்டைச் சபையில் தற்காத்துப் பேசும் வாதத்துக்கு மே மாதத்தில் நாள் குறித்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிறார்கள், வந்தால் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஓஸ்டர்பான் ரென்ஸ்கேயைக் கூப்பிட்டு, அந்த வரிசையை எடுத்து அவித்துக் கொட்டிவிடச் சொன்னார். கோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

வெளியே மழை. மதியம்தான், ஆனால் சன்னலில்லாத அந்த அறைக்கு மதியமும் ஒன்று, நடுச்சாமமும் ஒன்று. கொக்கிகளில் ஈரக் கோட்டுகள் தோளோடு தோள் உரசி நின்றன, சாவு வீட்டில் வாசலில் நிற்பவர்கள் மாதிரி. விசிறி ஓடியது. அலைடாவின் கை உயர்ந்திருந்தது.

குடுவைகளை அடுக்கி எடுத்துப்போக ரென்ஸ்கே பெரிய தட்டம் கொண்டுவந்திருந்தாள். அது பக்கவாட்டில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். கோட்டை எடுத்தால்தான் உண்டு.

"நீங்க எடுங்க," என்றாள்.

"உன் ஆய்வேடும்மா அது," என்றேன் நான், வீரமாக.

அவள் தட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க டாக்டர்," என்று கோட்டிடம் சொல்லி, அதைக் கொக்கியிலிருந்து தூக்கினாள். கனத்தது. ஒரு பெரிய குழந்தையைத் தூக்குவது போல மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு குளிர் வந்து எங்கள் இருவர் முகத்திலும் பட்டது. ஈரச் செங்கல்லின், கால்வாயின், மூடிவைத்த நிலவறையின் குளிர். ரென்ஸ்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு, அவ்வளவு மெதுவாக, கண்ணைத் திறந்தாள்.

"லுபர்ட்," என்றாள். "அந்த வெப்பமானியைக் கொஞ்சம் எடுங்களேன்."

"எது?"

"ஆணியில தொங்குதே, அது."

அதை அதுவரை யாரும் ஆணியிலிருந்து எடுத்ததில்லை. சுவரில் அதன் வடிவத்தில் ஒரு வெளுத்த தடம் இருந்தது. அவள் கோட்டைத் திரும்பவும் கொக்கியில் மாட்டி, வெப்பமானியை அதற்குப் பின்னால், குடுவைகளுக்கு நடுவே செருகினாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால் இருபத்தாறு.

அவ்வளவுதான். முரட்டுக் கோட் ஒரு திரை மாதிரி சூடான காற்றைத் தடுத்து அறைக்குள் திருப்பிவிடுகிறது. எதிர்ச் சுவரில் வெப்பமானி திருப்தியாக முப்பத்திரண்டு காட்டுகிறது. திரைக்குப் பின்னால் கால்வாய்ப் பக்கத்துச் சுவரின் குளிர். அந்தக் குளிரில் அலைடாவின் கட்டிகள், எந்தக் கட்டியும் இருபத்தாறில் செய்வதைச் செய்துகொண்டிருந்தன.

கட்டியின் வெப்பநிலையை அளப்பதற்கென்றே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கும் நாங்கள் எல்லோரும், ஒருவர் மாற்றி ஒருவர், அந்தத் தட்டுக்குள் கைவிட்டிருக்கிறோம். எல்லோருக்கும் சில்லென்றிருக்கிறது. ஒருவருக்காவது அது வெப்பநிலை என்று தோன்றவில்லை. எல்லோருக்கும் மரணம் என்றுதான் தோன்றியது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். ரென்ஸ்கேயின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"அப்போ அவங்க இல்லையா," என்றாள்.

அவள் கோட்டின் காலரைச் சரிசெய்தாள். வரிசையைத் தொடவில்லை. "கோட்டை எடுத்தா இதுங்க செத்துடும்," என்றாள். பிறகு வேறு ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி மற்ற கோட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக. ஓஸ்டர்பானின் கோட் வரை. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு தட்டு இருந்தது.

"மழை பெய்யற அன்னைக்கு ஒரு சூடு," என்றாள். "பெய்யாத அன்னைக்கு ஒரு சூடு. முப்பது வருஷமா."

அதை ஓஸ்டர்பானிடம் போய்ச் சொன்னோம். அவர் எழுந்து நிற்கவில்லை.

"அந்த வெப்பமானியை எடுத்தீங்களா?"

"ஆமா புரொபசர்."

"ஆணியிலருந்து?"

"ஆமா."

"திருப்பி மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. ஆனா புரொபசர், எல்லை முப்பத்திரண்டுன்னு சொல்றோம், அந்தத் தட்டுல எத்தனை இருந்துச்சுன்னு நமக்கு..."

"நம் துறையோட முப்பது வருஷம் அந்த ஆணியிலதான் தொங்குதும்மா," என்றார். அந்த 'நம் துறை' முதன்முறையாக ஒரு கிழவனின் குரலில் வந்தது. உடனே செருமிச் சரிசெய்துகொண்டார். "புத்தகம் அச்சாயிடுச்சு. நான் ஜூன்ல போறேன். உனக்குப் பட்டம் வேணுமா, கோட் வேணுமா?"

எங்கள் நாட்டில் ஆய்வேட்டோடு ஒரு தனித்தாளும் கொடுப்பார்கள். வாதத்தில் தற்காத்துப் பேசத் தயாராக இருக்கும் கூற்றுகள் பத்துப் பன்னிரண்டு அதில் இருக்கும். முதல் சில ஆய்வைப் பற்றி, அடுத்த சில உலகத்தைப் பற்றி, கடைசியாக ஒன்று வேடிக்கை. கடைசிக் கூற்றில் சிரிப்பு வரவில்லை என்றால் ஆய்வேட்டின் தரத்தையே சந்தேகிப்பார்கள். புத்தகம் அச்சாகியிருந்தது. தாள் இன்னும் அச்சாகவில்லை. ரென்ஸ்கே முதல் கூற்றாக இப்படி எழுதிக் கொண்டுபோனாள்: 'கோட் தொங்கும் வெப்ப அறையில் கட்டி எந்தச் சூட்டில் வளர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது.'

ஓஸ்டர்பான் அதை அடித்தார். பிறகு பேனாவோடு சற்று யோசித்தார். முகம் மலர்ந்தது.

"கடைசியில போட்டுக்கோ," என்றார். "நல்லா இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க."

வாத மண்டபத்தில் நான் அவளுக்குத் தோழன். மாப்பிள்ளைத் தோழன் மாதிரிதான், வால்வைத்த கறுப்புக் கோட் போட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். மேடையில் கறுப்பு அங்கியும் சப்பைத் தொப்பியுமாகப் பேராசிரியர்கள், மழைக்கு ஒதுங்கிய காக்கைகள் போல. முக்கால் மணி நேரம் கேள்வி கேட்கலாம். அது முடிந்ததும் மணிகள் கட்டிய தடியோடு கட்டியக்காரர் உள்ளே வந்து, தடியைத் தரையில் ஊன்றி, லத்தீனில் 'ஹோரா எஸ்ட்', நேரமாகிவிட்டது, என்பார். அந்தக் கணத்தில் எல்லாம் நின்றுவிடும். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் தப்பித்தீர்கள். எத்தனையோ பேருக்கு டாக்டர் பட்டத்தைக் கொடுத்தது அந்தத் தடிதான்.

எல்லோரும் கேட்டார்கள், ரென்ஸ்கே பதில் சொன்னாள். எல்லைக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. கடைசியாகப் பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த பருத்த பேராசிரியர், நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வாசலைப் பார்த்துவிட்டு, தனித்தாளை எடுத்தார். மண்டபம் முன்கூட்டியே புன்னகைத்தது.

"பெருமைக்குரிய விண்ணப்பதாரரே, உங்க கடைசிக் கூற்றைத் தற்காத்துப் பேசுங்க பாப்போம். யாரோட கோட்டு அது?"

சிரிப்பு.

"மதிப்புக்குரிய எதிர்வாதி அவர்களே," என்றாள் ரென்ஸ்கே, "இது வேடிக்கை இல்லைங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. வேடிக்கையை முகம் மாறாமல் சொல்வதுதான் எங்கள் ஊரில் உயர்ந்த ரகம்.

"எங்க வெப்ப அறையில டாக்டர் அலைடாவோட கோட் தொங்குது. அவங்க இறந்துட்டாங்க. கோட்டுக்கு முன்னாடி முப்பத்திரண்டு டிகிரி. பின்னாடி இருபத்தாறு."

பெல்ஜியக்காரர் மேசையைத் தட்டினார். "அப்போ கோட்டுக்குள்ள எத்தனைங்க?"

"அளக்கலைங்க. ஆனா மத்த கோட்டுகளும் அதே மாதிரிதான் தொங்குது. அதுங்களுக்குப் பின்னாடிதான் எங்க தட்டுங்க எல்லாம். அதனால என் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் இருக்கற முப்பத்திரண்டு..."

கதவு திறந்தது. மணிகள் குலுங்கின. தடி தரையில் இறங்கியது. "ஹோரா எஸ்ட்."

நடுவில் உட்கார்ந்திருந்த துணைவேந்தர் வழக்கமான வாசகத்தைச் சொன்னார்: விண்ணப்பதாரர் விரும்பினால் வாக்கியத்தை முடிக்கலாம், முடிக்காமலும் விடலாம். முடிக்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்வது. ஓஸ்டர்பான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டை அசைவது எனக்குத் தெரிந்தது. ரென்ஸ்கே வாயை மூடினால் டாக்டர். அவளுடைய மணிக்கட்டை அவளே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"...எந்த இடத்துச் சூடுன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "என் பேராசிரியருக்கும் தெரியாது. இந்த எல்லை எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

கூரையிலிருந்து தூசு விழுந்தால் கேட்டிருக்கும். ரென்ஸ்கே வெளுத்துப்போய் நின்றாள், தன்னை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று.

பிறகு மண்டபமே சிரித்தது. பெல்ஜியக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணைவேந்தரின் தொப்பி சரிந்தது. கட்டியக்காரர்கூடத் தடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவர்கள் உள்ளே போய்க் கலந்து பேசி, திரும்பி வந்து அவளுக்குப் பட்டம் கொடுத்தார்கள். பாராட்டுரையில் ஓஸ்டர்பான் அவளுடைய நகைச்சுவை உணர்வைத் தனியாகக் குறிப்பிட்டார்.

அப்புறம் விருந்து. கடுகு தொட்ட சீஸ் துண்டுகள், சின்னச் சின்னக் கோப்பைகளில் ஜெனேவர் சாராயம். ஓஸ்டர்பான் மூன்றாவதையோ நான்காவதையோ குடித்துவிட்டு எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. மனிதர் முதன்முதலாகச் சிரித்துப் பேசினார்.

"அலைடா இருந்திருந்தா எப்படி ரசிச்சிருப்பா தெரியுமா," என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். "அவளும் இதையேதான் போட்டிருந்தா."

"எதை?" என்றாள் ரென்ஸ்கே.

"கோட்டு. அவ வாதத்துல. இதே மண்டபம். கடைசிக் கூற்று. அன்னைக்கும் இப்படித்தான், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது."

ரென்ஸ்கேயின் கையில் கோப்பை அப்படியே நின்றது. "கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. சொல்ல ஆரம்பிச்சா. கட்டியக்காரர் வந்துட்டாரு." அவர் கோப்பையை உயர்த்தி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "பாதியில நிறுத்திட்டா. அப்புறம் அதைப்பத்தி வாயே திறக்கல. கோட்டை மட்டும் அதுக்கப்புறந்தான் அந்தத் தட்டுக்கு முன்னால மாட்ட ஆரம்பிச்சா. தினமும். மழை இருந்தாலும் இல்லாட்டியும்."

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது அவருக்கே கேட்டது. கோப்பை உதட்டருகில் நின்றது. எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால், கோட் மாட்டும் மூலையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. நானும் திரும்பிப் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன்.

"சீஸ் எங்க வெச்சிருக்காங்க," என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

ரென்ஸ்கே தெற்கே ஒரு விதைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். போகுமுன் வெப்ப அறைக்கு வந்து, தட்டாமல் கதவைத் திறந்து, கோட்டின் பின்னால் கைவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கை குளிர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

வரிசையை இப்போது நான் மாற்றி வளர்க்கிறேன். முப்பத்திரண்டு டிகிரி பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. விசிறி ஓடும்போது கை உயர்கிறது, நின்றதும் இறங்குகிறது. குழு ஒருமுறை கூடி, அறையில் கோட் மாட்ட இடம் போதவில்லை என்ற புகாரைப் பரிசீலித்துப் புதுக் கொக்கிகள் அடிக்க முடிவெடுத்தது. ஒன்றில் என் கோட் தொங்குகிறது. வேறெங்கும் காய்வதில்லை.